வீட்டுக்குள் ஒரு புகார்ப் பெட்டி

எங்கள் வீட்டு மாடியில் குடியிருப்பவளைத் தெருவில் எல்லோரும் பல்லுக்காரி என்றுதான் கூப்பிடுவார்கள். அவளுக்கு அதில் வருத்தம் ஒன்றும் இல்லை. இரண்டு தெரு தள்ளி, சைக்கிள் கடைக்கு மேலே இருக்கும் ஒரு பட்டறையில் அவள் பல் செட் செய்கிறாள். மருத்துவர்கள் நோயாளியின் வாயில் அச்சு எடுத்துப் பிளாஸ்டிக் பையில் போட்டு அனுப்பி வைப்பார்கள். அதற்குள் பிளாஸ்டர் கரைசலை ஊற்றி, குமிழி போகத் தட்டி, காய்ந்ததும் பிரித்தால் யாரோ ஒருவருடைய ஈறு மேஜைமேல் உட்கார்ந்திருக்கும். அதன்மேல் மெழுகு வைத்துப் பற்களை ஒவ்வொன்றாகப் பதிப்பாள். பிறகு மெழுகை உருக்கி வெளியேற்றிவிட்டு, அந்த இடத்தில் இளஞ்சிவப்புப் பசையை அடைத்து வேகவைத்து, சக்கரத்தில் பிடித்து மெருகேற்றுவாள். அவளோடு கடைத்தெருவுக்குப் போனால் நேரம் போவதே தெரியாது.

"அந்த மருந்துக் கடைக்காரர் எப்படிச் சிரிக்கறார் பாருங்க அக்கா. மேல் வரிசை முழுக்க நான் வச்சது. போன மாசம் வரைக்கும் வாயத் தொறக்காமலே மாத்திரை குடுத்துட்டிருந்தார்" என்பாள்.

நான் பல வருடம் ஊர் ஊராக, நாடு நாடாகச் சுற்றிவிட்டுத் திரும்பி வந்தபோது என் அறையில் அவள் இருந்தாள். அம்மா என்னைக் கேட்காமலே வாடகைக்கு விட்டிருந்தாள்.

"நீ எப்ப வருவ, வந்தா எத்தன நாள் இருப்பன்னு ஜோசியம் பாத்துட்டா இருக்க முடியும்?" என்றாள் அம்மா. "அந்தப் பொண்ணு இருக்கற இடம் தெரியாம இருக்கா. மூச்சு விடற சத்தம்கூடக் கேக்காது."

அது உண்மைதான். மாடியில் ஆள் நடக்கும் ஓசையே வராது. ஆனால் வெளியே போகும்போது மட்டும் படியிறங்கி வந்து எங்கள் வாசலில் நின்று, "ஆன்ட்டி, கடைக்குப் போயிட்டு வரேன். அரை மணி நேரத்துல வந்துடுவேன்" என்று சொல்லிவிட்டுத்தான் போவாள். திரும்பியதும் "வந்துட்டேன் ஆன்ட்டி" என்பாள். அம்மா ஒருநாள் பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டாள்.

"ஏம்மா, வாடக குடுத்து இருக்கற பொண்ணு நீ. எங்கிட்ட எதுக்கு அனுமதி கேட்டுட்டு நிக்கற?"

"சொல்லாமப் போனா தேட மாட்டீங்களா?"

அதற்குப் பிறகு, அவள் வந்து சொல்லாவிட்டால்தான் அம்மாவுக்கு இருப்புக் கொள்ளாது.

பல்லுக்காரி வளர்ந்தது அரசாங்கக் குழந்தைகள் இல்லத்தில். அவளுடைய அம்மா வெளிநாட்டுக்கு வேலைக்குப் போனவர். முதலில் போன் வந்தது, பிறகு நின்றுபோனது. அப்போது அவளுக்குப் பன்னிரண்டு வயது, தங்கைக்கு ஐந்து. இரண்டு பேரும் வாடகை அறையில் தனியாகவே சில மாதங்கள் குடித்தனம் நடத்தியிருக்கிறார்கள். வீட்டுச் சொந்தக்காரர் கண்டுபிடித்துத் தகவல் சொல்ல, ஒருநாள் ஜீப் வந்தது. பதினெட்டு வயது வரை இருவரும் இல்லத்தில் இருக்க வேண்டும் என்று குழந்தைகள் நீதிமன்றம் உத்தரவு போட்டது. விருப்பமா என்று யாரும் கேட்கவில்லை, கேட்கிற இடமும் அதுவல்ல.

அடித்தார்களா, பட்டினி போட்டார்களா என்று கேட்டால் இல்லவே இல்லை என்பாள். "நல்ல ஹோம்தான் அக்கா. எல்லாம் நேரத்துக்கு வரும். ஆனா ஒரு சீப்பக்கூட நாம நெனச்ச எடத்துல வைக்க முடியாது."

பதினெட்டு முடிந்ததும் அவளை வெளியே அனுப்பினார்கள். தங்கை உள்ளேயே இருந்தாள். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் பார்வையாளர் அறையில், வார்டனுக்கு எதிரில் உட்கார்ந்து, கொஞ்ச நேரம் பேசிவிட்டு வருவாள். தங்கையைத் தன்னோடு வைத்துக்கொள்ளவேண்டும் என்று அவள் போட்ட மனு நான் திரும்பி வந்த வருடம்தான் ஒரு வழியாக அசைந்து கொடுத்தது. ஆனால் காலம் குறைவாக இருந்தது. பதினான்கு வயதைத் தாண்டிய பெண்களைப் பள்ளி ஆண்டு முடிந்ததும் வேறொரு நகரத்து இல்லத்துக்கு மாற்றிவிடுவார்கள். ரயிலில் ஒரு முழுநாள் பயணம். அங்கே போய்விட்டால் ஞாயிற்றுக்கிழமைகளும் கிடையாது.

நலத்துறையிலிருந்து ஒரு அதிகாரி வந்து வீட்டைப் பார்ப்பார், அவர் சரி என்று எழுதினால்தான் நீதிமன்றம் தங்கையை அனுப்பும் என்று சொல்லியிருந்தார்கள். பல்லுக்காரி பயப்படவில்லை. அவளுக்கு அப்படி ஒரு தெம்பு.

"இன்ஸ்பெக்‌ஷன்தானே அக்கா? எனக்குத் தெரியாததா?"

அதில் அவளை அடித்துக்கொள்ள ஆள் கிடையாதுதான். இல்லத்தில் சோதனைக்கு ஆள் வரும் நாளென்றால் பெரிய பெண் என்ற முறையில் எல்லாவற்றையும் எடுத்து வைப்பது அவள் பொறுப்பு. காலையில் கிடங்கிலிருந்து புதுக் கம்பளிகள் வரும், மாலையில் திரும்பிப் போகும். வருகிறவர்கள் எதை முதலில் பார்ப்பார்கள், எதைத் தொட்டுப் பார்ப்பார்கள், எதைப் பார்க்காமலே போவார்கள் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி.

வேலை முடிந்து வந்த பிறகு ஒரு வாரம் மாடியில் தட்டும் சத்தமும் நகர்த்தும் சத்தமும் கேட்டுக்கொண்டே இருந்தது. வாழ்நாளில் முதல்முறையாக அவள் சத்தம் போட்டாள் என்று அம்மா சொன்னாள். பிறகு எங்களைப் பார்க்கக் கூப்பிட்டாள்.

என் பழைய அறைக்குள் நுழையப் போனவள் வாசற்படியிலேயே நின்றுவிட்டேன். இரண்டு இரும்புக் கட்டில்கள், நடுவில் அளந்து விட்ட இடைவெளி. ஒவ்வொன்றிலும் சாம்பல் நிறக் கம்பளி, கத்தியால் வெட்டியதுபோல மடிக்கப்பட்டிருந்தது. கட்டிலின் கீழே ஆளுக்கொரு தகரப் பெட்டி, பூட்டோடு. சுவரில் கால அட்டவணை: எழுந்திருத்தல், குளித்தல், படித்தல், உண்ணல். மூலையில் மணல் நிரப்பிய சிவப்பு வாளி. துண்டுகளின் ஓரத்தில் ஒன்று, இரண்டு என்று நூலால் எண்கள். கதவுக்குப் பக்கத்தில் பூட்டு போட்ட சின்ன மரப்பெட்டி ஒன்று ஆணியில் தொங்கியது.

"இது என்னம்மா, உண்டியலா?" என்றாள் அம்மா.

"புகார்ப் பெட்டி ஆன்ட்டி."

"யாரு மேல யாரு புகார் குடுக்கறது?"

"என் மேல அவ. அதுதானே முதல்ல பாப்பாங்க."

அம்மா என்னைப் பார்த்தாள். நான் கூரையைப் பார்த்தேன். ஏதாவது சொல்லியாக வேண்டும் என்பதற்காக, "நான் தங்கின விடுதிங்கள்ல பாதி இவ்வளவு சுத்தமா இருந்ததில்ல" என்றேன்.

"நெஜமாவா அக்கா?" அவள் முகம் அப்படியே மலர்ந்துவிட்டது.

சொன்ன நாளில் அதிகாரி வந்தார். நடுத்தர வயதுப் பெண். நரைத்த தலையை இறுக்கிக் கட்டி, பெரிய துணிப்பை ஒன்றைத் தோளில் மாட்டியிருந்தார். எல்லோரும் அவரை மேடம் என்றே கூப்பிட்டோம். வீட்டுச் சொந்தக்காரரையும் விசாரிக்க வேண்டும் என்றதால் அம்மாவும் நானும் மாடியில் ஓரமாக நின்றோம்.

பல்லுக்காரி கட்டிலின் கால்மாட்டில் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள். "வணக்கம் மேடம்" என்று அவள் சொன்ன ராகத்தில் ஒரு கூடம் நிறையப் பிள்ளைகளின் குரல் இருந்தது.

"உக்காரும்மா."

"பரவாயில்ல மேடம்."

"குடிக்கக் கொஞ்சம் தண்ணி கிடைக்குமா?"

அவள் கழுத்திலிருந்த சாவியை எடுத்துத் தகரப் பெட்டியைத் திறந்தாள். 'விருந்தினர்' என்று வண்ணத்தில் எழுதிய டம்ளர் வெளியே வந்தது. அம்மாவின் முழங்கை என் விலாவில் இடித்தது.

மேடம் தண்ணீரைக் குடித்துவிட்டுச் சுவரைக் காட்டினார். "அது என்ன?"

"புகார்ப் பெட்டி மேடம். தங்கச்சிக்கு ஏதாவது குறை இருந்தா எழுதிப் போடலாம். வாரம் ஒரு தடவ தொறந்து பாத்து நடவடிக்கை எடுப்பேன்."

"நீதான் தொறப்பியா?"

"ஆமா மேடம்."

"புகாரும் உன் மேலதான் வரும்?"

"ஆமா மேடம்."

மேடம் சிரிக்கவில்லை. பெட்டியைத் திறக்கச் சொன்னார். உள்ளே ஒரு மடித்த தாள் கிடந்தது. 'குறை ஒன்றும் இல்லை' என்று அழகான கையெழுத்தில் எழுதியிருந்தது.

"உன் தங்கச்சி இன்னும் இங்க வரவே இல்லையேம்மா" என்றார் மேடம்.

பல்லுக்காரியின் காதுமடல் சிவந்துபோனது. பெட்டி காலியாக இருந்தால் சந்தேகப்படுவார்கள் என்று இல்லத்தில் ஒவ்வொரு சோதனைக்கும் முன்னால் அப்படி ஒரு தாளை எழுதிப் போடுவார்களாம். எழுதுவது இவள்தான். பழக்கத்தில் போட்டுவிட்டாள்.

மேடம் கட்டிலில் உட்கார்ந்தார். கம்பளி கசங்கியது. பல்லுக்காரியின் கை தானாக அதை நீவிவிட நீண்டு, பாதியில் நின்றது.

"இத பாரும்மா. நான் இப்ப இதுக்கு சரின்னு எழுத முடியாது."

"என்ன கொறையுது மேடம்? சொல்லுங்க, நாளைக்கே வாங்கிடறேன். தீயணைக்கற சிலிண்டர்தான் இல்ல, ஆனா வாளியில மணல் இருக்கு..."

"வாங்கறதுக்கு ஒண்ணும் இல்லம்மா. ஒரு ஹோம்ல இருந்து பிள்ளைய எடுத்து இன்னொரு ஹோம்ல விடுங்கன்னு நான் எப்படி எழுதறது? அங்கயாவது கூடப் பேச நாலு பிள்ளைங்க இருக்கு."

மேடமே பிறகு குரலைத் தணித்துக்கொண்டார். "அடுத்த வாரம் உன் தங்கச்சிய நானே கூட்டிட்டு வரேன். சாயங்காலம் வரைக்கும் இங்க இருக்கட்டும். பாத்துட்டு ஒரு முடிவு சொல்றேன். அதுக்கு மேல என்கிட்டயும் நாள் இல்ல."

அவர் போன பிறகு பல்லுக்காரி படிக்கட்டில் உட்கார்ந்தாள். அழவில்லை. அம்மா தேநீர் கொண்டுபோய்க் கொடுத்தபோது, பரீட்சையில் தெரியாத கேள்வி வந்துவிட்டதுபோலக் கேட்டாள்: "வீடுன்னா எப்படி ஆன்ட்டி இருக்கணும்?"

அம்மா கீழே எங்கள் கதவைக் கை காட்டினாள். "எப்படின்னா... இப்படித்தான். எங்க வீடு மாதிரி, குப்பையா."

மறுநாள் பட்டறையில் அவள் முதலாளியிடம் சொல்லியிருக்கிறாள். ஊருக்கெல்லாம் பல் வைக்கும் அந்த மனிதருக்கு முன்வரிசையில் இரண்டு பல் கிடையாது. கேட்டால் நேரமில்லை என்பார். யோசனை சொல்ல மட்டும் எப்போதும் நேரம் இருக்கும்.

"நாம பல் செட் பண்றப்போ என்ன பண்றோம்? எல்லாப் பல்லையும் நூல் பிடிச்ச மாதிரி வச்சா கட்டினதுன்னு தெரிஞ்சிடும். ஒரு பல்லக் கொஞ்சம் கோணலா வைக்கறோம், ஒண்ணுக்கு லேசா மஞ்சள் குடுக்கறோம். அந்த மாதிரி வீட்டையும் வைம்மா. அவ்வளவுதான் விஷயம்!"

அன்று மாலை அவள் எங்கள் வீட்டுக்குள் வந்து நின்று ஒவ்வொரு மூலையாகப் பார்த்தாள். இவ்வளவு நாள் வாசலோடு போனவள். நின்றுபோன சுவர்க் கடிகாரம், மேஜையின் கீழ் சுருண்டு கிடந்த வயர்கள், அம்மா என்றைக்காவது சரிசெய்வதாக வைத்திருக்கும் மேஜை விளக்கு, என் பயணப் பை இன்னும் பிரிக்கப்படாமல் கிடந்த கோலம். கடைசியில் கூடத்து நாற்காலியின் முன்னால் நின்றாள். துவைத்த துணி, துவைக்காத துணி, இரண்டும் கெட்டான் துணி எல்லாம் அதன்மேல் மலையாகக் குவிந்திருந்தன. யாரும் அதில் உட்கார்ந்து வருடக்கணக்காகிறது.

"ஆன்ட்டி, இந்த நாற்காலிய ஒரு ரெண்டு நாள் குடுப்பீங்களா?"

"எடுத்துக்கோ. இரு, துணிய எடுத்துடறேன்."

"வேணாம் ஆன்ட்டி. துணியோடதான் வேணும்."

நானும் அவளும் அந்த நாற்காலியைத் துணி சரியாமல் படியேற்றினோம். போகிற போக்கில் கடிகாரத்தையும் எடுத்துக்கொண்டாள். அது வேண்டாம், இப்படிச் செய்யாதே என்று சொல்ல எனக்குத் தோன்றியது. ஆனால் எப்படிச் செய்ய வேண்டும் என்று கேட்டால் என்னிடமும் பதில் இல்லை. வீட்டில் இருக்கத் தெரியாமல்தானே நான் ஊர் சுற்றினேன்.

அடுத்த வாரம் மேடம் தங்கையோடு வந்தார். தங்கை அக்காவைவிட ஒரு தலை உயரம். இல்லத்துச் சீருடை முழங்காலுக்கு மேலே ஏறியிருந்தது. பல்லுக்காரி அன்றைக்கு நிற்காமல் உட்கார வேண்டும் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டிருந்தாள் போலும். கட்டில் விளிம்பில், எந்த நிமிடமும் எழுந்துவிடுகிறவள் மாதிரி உட்கார்ந்திருந்தாள். காற்றுக்கு அடித்துக்கொண்டிருந்த கதவை நான் சாத்தினேன்.

தங்கை அறையை ஒரு சுற்றுப் பார்த்தாள். நேராக நாற்காலிக்குப் போனாள்.

"யாருது இந்தத் துணியெல்லாம்?"

"என்னோடதுதான்."

தங்கை என் பேண்டை எடுத்து விரித்துப் பார்த்தாள். "உனக்கு எப்ப இவ்வளவு நீளத்துக்குக் கால் மொளச்சுது?" அடுத்து அம்மாவின் நைட்டி வெளியே வந்தது. "இதுக்குள்ள உன்ன மாதிரி மூணு பேர் போகலாம்."

"ஏய், அது என்னோடது" என்றாள் அம்மா, ரோஷத்தோடு.

மேடம் வாயைக் கையால் மூடிக்கொண்டார். பல்லுக்காரிக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை.

"அத வச்சுட்டு வந்து உக்காரு. பசிக்குதா? காலைல சாப்டியா? நேத்து டெஸ்ட் எழுதினியா?"

"பாத்தீங்களா மேடம், ஆரம்பிச்சுட்டா!" தங்கையின் குரல் உயர்ந்தது. "ஞாயித்துக்கிழமை வந்தாலும் இதேதான். சாப்டியா, படிச்சியா, மாத்திர போட்டியா. நீ அக்காவா, வார்டனா? இப்ப என்கிட்டயே இன்ஸ்பெக்‌ஷன் காட்டற, அடுத்தவங்க துணிய வச்சு!"

"மெதுவாப் பேசுடி. மேடம் இருக்காங்க."

"இருக்கட்டும்! அவங்களுக்கும் தெரியட்டும்."

"பக்கத்துல வார்டன் உக்காந்திருந்தா நான் வேற என்னத்தடி பேசறது? உன்ன எப்படியாவது வெளிய கொண்டு வரணும்னு நான் இங்க நாயா அலையறேன், நீ என்னடான்னா..."

"நான் கேட்டேனா நாற்காலி வையின்னு?"

"பின்ன என்ன வைக்கச் சொல்ற? எனக்குத் தெரியல, போதுமா? எனக்குத் தெரியாது!"

அவள் கத்தி நான் கேட்டதே இல்லை. இருவரும் மூக்கோடு மூக்கு உரச நின்றார்கள். மேடம் பையிலிருந்து பேனாவை எடுத்ததைக்கூட அவள் கவனிக்கவில்லை. எல்லாம் போச்சு என்று நினைத்தேன்.

அந்த நேரம் பார்த்துக் கதவு தட்டப்பட்டது. தண்ணீர் கேன் போடுகிறவர். கீழே ஆள் இல்லாததால் மாடிக்கு வந்திருக்கிறார்.

"அம்மா இருக்காங்களா?" என்று வெளியிலிருந்து குரல் கொடுத்தார்.

சண்டையின் நடுவில், முகத்தைக்கூடத் திருப்பாமல், இரண்டு பேரும் ஒரே மூச்சில் கத்தினார்கள்: "அம்மா குளிக்கறாங்க!"

"சரி, அப்புறம் வரேன்" என்று அவர் இறங்கிப் போகும் ஓசை கேட்டது.

என் அம்மா தன்னைத் தானே ஒருமுறை குனிந்து பார்த்துக்கொண்டாள். "நான் எப்பம்மா குளிக்கப் போனேன்?"

தங்கை வாயைப் பொத்திக்கொண்டாள். விரலிடுக்கில் சிரிப்பு பீறிட்டது. பல்லுக்காரி அவளை முறைக்கப் பார்த்தாள், முடியவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் சரிந்துவிட்டாள்.

"என்ன இது? எனக்கும் சொல்லுங்க" என்றார் மேடம்.

"அது... அம்மா போனதுக்கு அப்புறம் மேடம்" என்று ஆரம்பித்தாள் பல்லுக்காரி. "நாங்க தனியா இருக்கறது தெரிஞ்சா பிரிச்சுடுவாங்கன்னு பயம். யார் கதவத் தட்டினாலும் அம்மா குளிக்கறாங்கன்னு சொல்லிடுவோம்."

"காலைல வந்தாலும் குளிக்கறாங்க, மத்தியானம் வந்தாலும் குளிக்கறாங்க" என்று புகுந்தாள் தங்கை. "நான் ஓடிப் போய்ப் பைப்பத் தொறந்து விடுவேன், சத்தம் வரணும்ல."

"தொறந்து விடுவா, மூட மாட்டா. தொட்டி முழுக்க காலியாயிடும். அதுலதான் ஹவுஸ் ஓனர் ஏறி வந்தார். இவளாலதான் மாட்டினோம்."

"என்னாலயா? அவர் கேட்டப்போ, 'நேத்துலருந்து குளிக்கறாங்க'ன்னு யாரு சொன்னது?"

"பயத்துல வந்துடுச்சுடி!"

"அவர் என்ன சொன்னார் தெரியுமா மேடம்? 'ஊறிப் போயிடப் போறாங்கம்மா, வெளிய வரச் சொல்லு'ன்னார்."

இப்படியே ஒருத்தி பேச்சை ஒருத்தி பிடுங்கிக்கொண்டு சொன்னார்கள். முட்டை வேகவைக்கத் தெரியாமல் வெடித்தது, பள்ளிக்கூடத்தில் கையெழுத்துப் போட அம்மாவின் கையெழுத்தைப் பழகியது, இருட்டினால் பயப்படாமல் இருக்கத் தங்கை தூங்கும் வரை ஒரு கதையை இழுத்துக்கொண்டே போனது. அந்தக் கதை எப்படி முடியும் என்று தங்கை இப்போது கேட்டாள். மறந்துவிட்டது என்றாள் அக்கா. மேடம் பேனாவைக் கையில் வைத்தபடியே கேட்டுக்கொண்டிருந்தார். பல்லுக்காரி கால் இரண்டையும் நீட்டி, தகரப் பெட்டியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். தங்கையின் தலை எப்போதோ அவள் தோளுக்கு வந்திருந்தது.

"'கவனிப்பார் இல்லாத இரண்டு சிறுமிகள்'னு கோப்புல எழுதியிருக்கு" என்றார் மேடம் கடைசியில். "குளிச்சத யாரும் எழுதல." பிறகு தங்கையிடம் கேட்டார்: "உனக்கு இங்க வர இஷ்டமா?"

"அந்த நைட்டிய அந்த ஆன்ட்டிகிட்டத் திருப்பிக் குடுத்துட்டா வரேன்."

"விளையாட்டு இல்லம்மா. நெஜமாக் கேக்கறேன்."

தங்கை அக்காவின் தோளிலிருந்து தலையை எடுத்தாள். "வரேன் மேடம். எனக்கு அந்த ஊருக்குப் போக வேணாம். இவகிட்டதான் இருக்கணும்" என்றாள். அதைச் சொல்லும்போது மட்டும் குரல் ஐந்து வயதுக் குழந்தையின் குரலாக இருந்தது.

மேடம் அங்கேயே, கசங்கிய கம்பளிமேல் வைத்து எழுதினார். என்ன எழுதினார் என்று காட்டவில்லை. படியிறங்கும்போது அம்மாவிடம், "நாற்காலிய எடுத்துக்கோங்க, இனி தேவைப்படாது" என்று மட்டும் சொன்னார்.

உத்தரவு வரும் வரை பல்லுக்காரிக்குச் சோறு இறங்கவில்லை. பட்டறையில் ஒரு கிழவருக்கான கீழ் வரிசையைத் தலைகீழாகப் பதித்துவிட்டதாக முதலாளி சொல்லிச் சொல்லிச் சிரித்தார். நீதிமன்றத்தில் நீதிபதி தங்கையிடம் இரண்டு கேள்வி கேட்டு, பேப்பரைப் புரட்டி, "சரி, கூட்டிட்டுப் போங்க" என்றாராம். இத்தனை வருடம் காத்திருந்த விஷயம் அவ்வளவு சீக்கிரம் முடிந்தது இவளுக்குப் புரியவே இல்லை. வெளியே வந்து வராந்தாவில் நின்றுகொண்டு, "முடிஞ்சிடுச்சா? போலாமா? நெஜமாவே போலாமா?" என்று காவலுக்கு நின்றவரிடம் கேட்டிருக்கிறாள். "வழியில நிக்காதம்மா, போ" என்றாராம் அவர். அதைவிட நல்ல சொல்லைத் தன் வாழ்நாளில் கேட்டதில்லை என்று என்னிடம் சொன்னாள்.

தங்கை வந்து சேர்ந்தாள். மாடி மாறிப்போனது. பாட்டு, குதியல், சண்டை, சமாதானம். கட்டில்களை ஒட்டிப் போட்டார்கள், அதுவும் பிடிக்காமல் சுவரோரம் தள்ளினார்கள். கால அட்டவணையின் பின்பக்கத்தில் தங்கை படம் வரைந்தாள். பல்லுக்காரிக்கு எல்லாம் ஒரே நாளில் வந்துவிடவில்லை. சில நாள் தங்கை பள்ளியிலிருந்து கொஞ்சம் தாமதமாக வந்தால் வாசலில் வெளிறிய முகத்தோடு நிற்பாள். அவள் வந்ததும் திட்டுவாள், திட்டிவிட்டு உடனே மன்னிப்புக் கேட்பாள். "திட்டினா திட்டு, அப்புறம் எதுக்கு சாரி? ரெண்டுல ஏதாவது ஒண்ணு பண்ணு" என்று தங்கை சிரிப்பாள்.

சில வாரங்கள் கழித்து, ஒரு விடுமுறை நாள் காலையில், பிள்ளை எப்படி இருக்கிறாள் என்று பார்க்க முன்னறிவிப்பு இல்லாமல் மேடம் வந்து நின்றார். வெயில் நன்றாக ஏறியிருந்தது.

"மேல இருக்காங்களா?"

"இருக்காங்க மேடம். இதோ கூப்பிடறேன்" என்று அம்மா பதறினாள். நான் முந்திக்கொண்டு மாடிக்கு ஓடினேன்.

கதவு ஒருக்களித்திருந்தது. இருவரும் தரையில் பாய் விரித்துத் தூங்கிக்கொண்டிருந்தார்கள். தங்கையின் கால் அக்காவின் வயிற்றின்மேல் கிடந்தது. போர்வை ஒருவர்மேலும் இல்லை. பல்லுக்காரியின் வாய் லேசாகத் திறந்திருந்தது. ரயில் நிலையங்களிலும் பொது விடுதிகளிலும் நிறையத் தூங்கியவள் நான். காதைத் திறந்து வைத்துக்கொண்டு தூங்குவது எப்படி என்று எனக்குத் தெரியும். இது அப்படி இல்லை. நான் படியேறி வந்த சத்தத்துக்குக்கூட அவள் அசையவில்லை.

கீழே வந்து, "தூங்கறாங்க மேடம்" என்றேன்.

"ரெண்டு பேருமா?"

"ரெண்டு பேரும்."

"லீவு நாள் பாருங்க" என்று அம்மா சமாளித்தாள். "மத்த நாள்ல எல்லாம் விடியறதுக்கு முன்னாடியே எழுந்துடுவா, நல்ல பொண்ணு. நான் போய் ஒரு குரல் குடுத்தா போதும்..."

"வேணாம்மா. எழுப்பாதீங்க."

மேடம் எங்கள் கூடத்தில் உட்கார்ந்து தேநீர் குடித்தார். மாடியைக் காதால் கேட்பதுபோல ஒருமுறை மேலே பார்த்தார். பிறகு பையிலிருந்து தாளை எடுத்து முழங்காலில் வைத்து ஒரே ஒரு வரி எழுதினார். அம்மாவால் பொறுக்க முடியவில்லை.

"என்ன மேடம் எழுதினீங்க?"

"வந்தேன், தூங்கிட்டிருந்தாங்கன்னு எழுதினேன்" என்று சொல்லிவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.